மரினாவா, நங்கூரமா? மத்தியதரைக் கடலில் படகு வாழ்க்கை

மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு துறைமுகம் துறைமுகமாகச் செல்வோர், மரினா என்னும் படகுத்துறையில் பணம் செலுத்திப் படகைக் கட்டி நிறுத்துவதா, ஒதுக்கமான குடாவில் நங்கூரம் பாய்ச்சி நிற்பதா என்பதை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மரினாவில் கரை மின்சாரமும் குடிநீரும் குளியலறையும் கிடைக்கும். கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது, கோடையில் உயரும், இரட்டை உடல் கொண்ட அகலமான கேட்டமரான் படகுகளுக்குப் பல இடங்களில் இன்னும் கூடும்.

நங்கூரத்தில் பெரும்பாலும் செலவில்லை, ஆனால் உழைப்பு உண்டு. நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு நீளத்துக்காவது சங்கிலியை இறக்க வேண்டும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி, பிடிப்பு உறுதியா என்று பார்க்க வேண்டும். மணல் தரை நன்றாகப் பிடிக்கும். பொசிடோனியா என்னும் கடற்புல் படுகையிலோ நங்கூரம் சரியாக ஊன்றாது, புல்லும் வேரோடு பெயரும். அதனால்தான் ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளில் 2018ஆம் ஆண்டின் ஆணை அதன் மேல் நங்கூரமிடுவதைத் தடை செய்கிறது.

கிரீசுக்கும் துருக்கிக்கும் இடையிலான ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நாட்கணக்கில் வீசும் மெல்டெமி வடகாற்றுக்கு நடுவே, நங்கூரம் இழுபடுகிறதா என்று இரவில் எழுந்து பார்ப்பவருக்கு மரினாக் கட்டணம் பெரிதாகத் தோன்றாது. ஆயினும் அமைதியான கோடை நாட்களில் நங்கூரத்தையே நான் தேர்வேன். விலை குறையும் குளிர்காலத்துக்கு, புயல்களை முன்னிட்டு, மரினாவில் மாத ஒப்பந்தம் செய்துகொள்வதே பொருத்தம்.