நான்கு குளிர்காலம், ஒரு மேஜை, ஆளி விதை எண்ணெய்

பழைய ஓக் மேஜையின் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆளி விதை எண்ணெய் பூச ஆரம்பித்து இது நான்காவது குளிர்காலம். பனியில் நடக்கப் போகிற நாளில்தான் எண்ணெய் பூசுவேன். அந்த எண்ணெய் கேட்பதெல்லாம் பொறுமைதான். நான் வீட்டில் இருந்தால் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தே கெடுத்துவிடுவேன்.

உப்புத்தாள் வேலை முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிடும். முதலில் 120 எண் தாள், அப்புறம் 180, கடைசியில் 220; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான். (பழைய பெயின்ட்டாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.) விடிந்ததும் மெல்லிசாக ஒரு பூச்சு. பதினைந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட வேண்டும். முதல் வருடம் அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்தும் மேஜை பிசுபிசுவென்று ஒட்டியது.

நான் வாங்குவது ‘காய்ச்சிய’ எண்ணெய் என்று விற்கும் வகை. பெரும்பாலும் அதைக் காய்ச்சுவதில்லை; சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்க்கிறார்கள். ஒன்றிரண்டு நாளில் அடுத்த பூச்சு போடலாம். எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய்க்கு வாரக்கணக்கில் ஆகும். எதுவானாலும் அறை குளிர்ந்து கிடந்தால் காய்வது இழுத்துக்கொண்டே போகும்.

கிளம்பும் முன் துடைத்த துணியைக் கவனித்தே ஆக வேண்டும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கும். துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். ஆளில்லாத வீட்டில் அதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். தண்ணீரில் நன்றாக முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்த பிறகுதான் பூட்ஸ் மாட்டுவேன்.

பனி காலையில் இறுகியிருக்கும். பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் சங்கிலி முள் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும்போது ‘கறக், கறக்’ என்று ஒரு சத்தம் வரும். அதுக்காகவே சீக்கிரம் எழுந்திருப்பேன். வெயில் ஏறியதும் பனி இளகி, அடியில் உருண்டையாக அப்பிக்கொள்ளும். முள்ளுக்குப் பிடிமானமே இருக்காது. அதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

போன குளிர்காலத்தில் ஈரக் கையுறையை மேஜைமேல் மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஐந்து விரலும் தெரிகிற மாதிரி வெளுத்த தடம். மனசே உடைந்துவிட்டது. 320 தாளால் லேசாகத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் வைத்தேன். ரெண்டு நாளில் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதே அறையில் இருக்கும், பாலியூரித்தேன் (மேலே பிளாஸ்டிக் படலம் போல மூடும் வார்னிஷ்) பூசிய நாற்காலியில் பூட்ஸ் உரசி உரிந்த இடத்தை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை. ஒட்டுப் போட்டது போலத் தெரிந்ததால் கால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

குறைகளும் இருக்கின்றன. தண்ணீரை இது அதிக நேரம் தாங்காது. சூடான டம்ளரை அப்படியே வைத்தால் வளையம் விழும். மரத்தின் நிறம் வருடத்துக்கு வருடம் மஞ்சளோடி அடர்கிறது, வெளிர் நிறம் பிடித்தவர்களுக்கு இது ஒத்துவராது. ஜன்னலைப் பூட்டி வைத்தால் வாசனை நாலைந்து நாள் நிற்கும்.

நாற்காலியின் மற்ற மூன்று கால்களிலும் வார்னிஷ் இன்னும் இருக்கிறது. இந்தப் பருவம் முடிவதற்குள் அவற்றுக்கும் எண்ணெய்தான்.