ஏ4 பக்கத்துக்குச் சின்னத் திரை: நகர்த்துவதா, சுருக்குவதா?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ கல்யாண அட்டை, கோயில் திருவிழா அறிக்கை, தைப்பூசப் பந்தல் பேனர் என்று வடிவமைத்துத் தருபவர் பழைய 14 அங்குல லேப்டாப் வைத்திருந்தால், அதன் திரை பெரும்பாலும் 1366×768 பிக்சல்தான். அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கில் ஓர் ஏ4 பக்கத்தை 100 விழுக்காட்டில் காட்ட 794×1123 பிக்சல் வேண்டும். அகலம் தாராளம், உயரம்தான் பற்றாக்குறை. மெனு, கருவிப்பட்டை, பணிப்பட்டை எல்லாம் தின்றது போக 560 பிக்சல் வரிசை மிஞ்சினால் பெரிது.

இதற்கு நான்கு வழி உண்டு: இன்னொரு மோனிட்டர், பல மேசைத்தளம், திரையைச் சுருக்குவது, திரையைவிடப் பெரிய மேசைத்தளத்தை நகர்த்திப் பார்ப்பது. என் தேர்வு கடைசி வழி, அதாவது பேனிங்.

மோனிட்டரைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மேசையில் இடமும் கையில் பணமும் இருந்தால் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றி 24 அங்குலத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள், மேலே படிக்க வேண்டியதில்லை. வாடகை அறையில் ஒற்றை மேசையோடு இருப்பவர்களுக்கும், வாடிக்கையாளர் வீட்டுக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் திருத்தம் பார்ப்பவர்களுக்கும்தான் மற்ற மூன்றும்.

பல மேசைத்தளம் விண்டோஸ் 10-இலிருந்து கூடவே வருகிறது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய தளம். டி-க்குப் பதில் பக்கவாட்டு அம்புக்குறி என்றால் தளம் மாறும். வாட்சாப் ஒன்றில், வடிவமைப்பு ஒன்றில் என்று பிரித்து வைக்க அருமையான வசதி. ஆனால் ஒவ்வொரு தளமும் அதே 768 வரிசைதான். ஒரு சாளரம்கூடப் பெரிதாகாது.

போட்டி உண்மையில் சுருக்குவதற்கும் நகர்த்துவதற்கும்தான். சுருக்கும்போது, கணினி பெரிய படமாக வரைந்து அதைத் திரைக்குள் நெருக்கி அடைக்கிறது. லினக்ஸில் திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையின் ஸ்கேல் விருப்பம், விண்டோஸில் என்விடியாவின் டிஎஸ்ஆர், ஏஎம்டியின் விஎஸ்ஆர் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. (டிஎஸ்ஆரை லேப்டாப்பில் நம்பி இறங்க வேண்டாம். திரை இன்டெல் சிப்போடு இணைந்திருந்தால் அந்த வசதி பட்டியலிலேயே வராது.) எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், எலியை அலைக்கழிக்க வேண்டாம். ஆங்கில வேலை மட்டும் என்றால் நானும் இதையே சொல்லியிருப்பேன்.

தமிழ் என்று வரும்போது புள்ளி காலை வாரிவிடுகிறது. கருவிப்பட்டையோடு சேர்த்து முழுப் பக்கமும் தெரிய ஏறக்குறைய 1280 வரிசை வேண்டும், அதாவது 1.67 மடங்கு. 12 பாயின்ட் எழுத்து 16 பிக்சலிலிருந்து பத்துக்கும் கீழே இறங்கிவிடும். 16 பிக்சலில் இரண்டு பிக்சல் அகலத்தில் நின்ற மெய்ப்புள்ளி ஒன்றேகால் பிக்சலாகிச் சாம்பல் கறையாகிறது. ‘பக்தர்கள்’ எங்கே, ‘பகதர்கள்’ எங்கே என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். ‘விடு’, ‘வீடு’ இரண்டையும் பிரிப்பது ஒரு சின்னச் சுழி. ‘கெ’, ‘கே’ இரண்டுக்கும் அப்படியே. படத்தைச் சுருக்கும் வடிகட்டியை நியரஸ்ட் (அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுப்பது) என்று மாற்றினால் கறை போகும், ஆனால் அது ஐந்து வரிசைக்கு இரண்டை அப்படியே கைவிடுகிறது. அந்த வரிசையில் புள்ளி விழுந்திருந்தால் புள்ளியும் போச்சு. சுருக்கியே ஆக வேண்டும் என்றால் எழுத்துரு அமைப்பில் சப்பிக்சலை (பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே பயன்படுத்தும் மென்மையாக்கலை) நிறுத்திச் சாம்பல் நிற மென்மையாக்கலுக்கு மாற்றுங்கள், எழுத்தோரத்து வண்ணக் கோடாவது மறையும். நிரலுக்குள்ளேயே ஜூமை 60 விழுக்காடாக்கினாலும் கதி இதேதான். பக்க அமைப்பைப் பார்க்கலாம், மெய்ப்புப் பார்க்க முடியாது. ஆயிரம் பிரதி அச்சான பிறகு தெரியவரும் புள்ளிப்பிழைக்கு மருந்து கிடையாது.

பேனிங்கில் ஒரு பிக்சல் ஒரு பிக்சலாகவே நிற்கிறது, எழுத்தின் கூர்மை துளியும் குறையாது. நிரலுக்குள் ஸ்க்ரோல் செய்தால் போதாதா என்று கேட்கலாம். ஸ்க்ரோல் செய்யும்போது கருவிப்பட்டை இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பேனிங்கில் கீழே போனால் அதுவும் மேலே ஒதுங்கி, 768 வரிசையும் பக்கத்துக்கே கிடைக்கிறது. 768-ஐவிட உயரமான உரையாடல் பெட்டியின் ‘ஓகே’ பொத்தானும் கைக்கு எட்டும்.

செய்முறை லினக்ஸுக்கு: டெர்மினலில் எக்ஸ்ரேண்டரை வெறுமனே ஓட்டுங்கள். முதல் வரியின் கடைசியில் உள்ளது உங்கள் கணினி தாங்கும் அதிகபட்ச அளவு, பெரும்பாலும் 8192 அல்லது அதற்கு மேல். அடுத்து வருவது திரையின் பெயர். எல்விடிஎஸ்-1 அல்லது இடிபி-1 போல இருக்கும். பிறகு அதே கட்டளையில் அவுட்புட் என்பதோடு அந்தப் பெயர், மோட் என்பதோடு 1366×768, பேனிங் என்பதோடு 1366×1536. விருப்பச் சொல் ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு சிறுகோடு, எண்களுக்கு நடுவே ஆங்கில எக்ஸ் எழுத்து. பழையபடி ஆக்கப் பேனிங் அளவை 0×0 என்று கொடுத்தால் போதும். நினைவகம் பற்றிக் கவலை வேண்டாம், பெரிதாக்கிய படத்துக்கு 8.4 மெகாபைட்தான்.

அகலத்தைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் நகர்ந்தால் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் திரை ஆடும், பத்து நிமிடத்தில் தலை சுற்றும். மேலும் கீழும் மட்டும் நகர்ந்தால் கண் பழகிக்கொள்ளும். அகலமான பேனர் வேலை என்றால் உயரத்தை விட்டு அகலத்தை மட்டும் கூட்டுங்கள். எலி விளிம்பைத் தொட்ட பிறகுதான் திரை நகரும் என்பது எரிச்சலூட்டினால், பேனிங் அளவுக்குப் பின் சாய்கோடிட்டுக் கண்காணிப்புப் பரப்பையும் (எலியைத் திரை பின்தொடர வேண்டிய பகுதி), அதன்பின் இடது, மேல், வலது, கீழ் வரிசையில் விளிம்பு அளவுகளையும் தரலாம். மேலும் கீழும் 80 பிக்சல் வைத்தால் சுகமாக இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. திரை எலியைத்தான் பின்தொடரும், தட்டச்சுக் குறியை அல்ல. தட்டிக்கொண்டே போனால் எழுத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழும். எச்சரிக்கைப் பெட்டி பெரிய தளத்தின் நடுவில், பாதி வெட்டுப்பட்டு முளைக்கும். பணிப்பட்டை அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதால் முதலிலேயே அதை மேலே மாற்றிவிடுங்கள். ஆகவே நீண்ட தட்டச்சுக்குப் பேனிங்கை நிறுத்திவிட்டு, பக்க அமைப்புக்கும் மெய்ப்புக்கும் மட்டும் போடுவது நல்லது.

இது லினக்ஸின் பழைய திரைக்காட்சி முறையான எக்ஸ்11-இல் மட்டுமே நடக்கும் என்பது பெரிய கட்டுப்பாடு. அதற்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்தக் கட்டளை திரையைத் தொடாது. உபுண்டு 25.10-இல் அதன் மேசைத்தளச் சூழலான க்னோமுக்கான எக்ஸ்11 அமர்வையே எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இன்னும் எக்ஸ்11-இல் ஓடுகிறது, பழைய லேப்டாப்புக்கும் பாரம் இல்லை. வெளியேறி உள்ளே வந்தால் பேனிங் அமைப்பு அழிந்துவிடும். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி எடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். போடுவதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று என இரண்டு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, விசைப்பலகைக் குறுக்குவழியில் ஆளுக்கொரு விசை கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.