பம் நகரத்துப் பேரீச்சை

திருகோணமலை மத்திய வீதியில் நான் வழக்கமாகப் போகும் பலசரக்குக் கடைக்கு, நோன்பு மாதம் பிறந்ததும் ஈரானிய மசாஃபதிப் பேரீச்சை வந்துவிடும். அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் அட்டைப் பெட்டி. இம்முறை 1,850 ரூபாய் கொடுத்தேன். விலை கூடத்தான்.

பழம் கறுப்பு, ஈரப்பசை உள்ளது. விரலால் அழுத்தினால் கொட்டை நழுவி வெளியே வருகிறது. தோல் நாக்கிலேயே கரைந்துவிடுகிறது. காய்ச்சிய பனங்கட்டிப் பாகின் வாசனை. என்னைப் போல் கடைவாய்ப் பல் போனவர்களுக்கு ஏற்ற பழம். வெறுமனே தின்னாதீர்கள். சீனி போடாத பிளேன்ரீ ஒரு மிடறு, பழம் ஒரு கடி, அதுதான் முறை.

அந்த முறையை நான் கற்றது ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில். 1998 இல் சரக்குக் கப்பலொன்றில் சமையற்காரனாக இருந்தேன். இயந்திரம் பழுதாகிப் பதினொரு நாள் அங்கே கிடந்தோம். இலங்கை என்றதும் துறைமுகத் தொழிலாளி ஒருவர் தன் தேத்தண்ணீர்க் குவளையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். (ஈரானுக்குக் கட்ட வேண்டிய எண்ணெய்க் கடன் 25.1 கோடி டொலரைத் தேயிலையாகக் கட்ட நம் அரசு 2021 இல் உடன்பட்டபோது அந்தக் குவளைதான் நினைவுக்கு வந்தது.) தமிழன் என்றதும் "புலியா?" என்று கேட்டார். "சமையற்காரன்" என்றேன். பதிலுக்கு நானும் அவர்களுடைய முல்லாக்களின் ஆட்சி எப்படி என்று கேட்டேன். அவர் சீனிக்கட்டியொன்றைப் பல்லிடுக்கில் வைத்துத் தேத்தண்ணீரை உறிஞ்சிவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எனக்கு விளங்கியது. ஊரில் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போது நாங்கள் மழையைப் பற்றித்தானே பேசுவோம்.

ரொட்டிக் கடையில் மட்டும் மானம் போனது. காசை நீட்டினால் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து, "காபேல் நதாரே" என்றார். வேண்டாம் என்கிறார் போலும் என்று நன்றி சொல்லி நடையைக் கட்டினேன். அது வெறும் உபசார வார்த்தை, இரண்டு மூன்று தடவை வற்புறுத்திக் கொடுக்க வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. திரும்பிப் போய் இரண்டு நாள் கணக்கையும் தீர்த்தேன். அவர் மறுபடியும் நெஞ்சில் கைவைத்தார்.

மகளுக்கு இந்தப் பாசம் பிடிப்பதில்லை. "அப்பா, முக்காட்டுக்காகப் பிடித்துக்கொண்டு போன மாசா அமினி 2022 இல் காவலிலேயே செத்துப்போனாள். நீங்கள் பழத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறீர்கள்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. பெட்டியை மட்டும் மூடவில்லை.

மூட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மசாஃபதிக்குப் பேர்போன ஊர் பம். 2003 டிசம்பர் 26 விடியற்காலை நிலநடுக்கத்தில் அந்த ஊர் மண்ணோடு மண்ணானது. மண்கட்டியால் எழுந்த பழங்கோட்டையும் சரிந்தது. இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். சரியாக ஓராண்டு கழித்து, அதே 26 ஆம் திகதி, கடல் எங்கள் கிண்ணியாவுக்குள் வந்தது. அதன் பிறகு பெட்டியில் பம் என்ற பெயரைக் கண்டால் நான் விலை பேசுவதில்லை.

பழத்திலும் குறை உண்டு. ஈரம் கூடிய பழம். நம் புழுக்கத்தில் வெளியே வைத்தால் புளித்துவிடும். சென்ற ஆண்டு நோன்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து வேறொரு கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்தால் கள் வாசனை. தட்டில் அடுக்கி வைத்திருந்த சரக்கு அது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிற கடையில், பொதி செய்த திகதியைப் பார்த்து வாங்குங்கள். பெருநாளுக்கு முந்தின வாரம் போனால் கிடைக்காது. எனக்கு இரண்டு பெட்டி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.