கொழும்பில் நாற்சில்லு ரோலேட்டர்: எம்.எஸ். நோயுடன் நடப்பவரின் மதிப்பீடு

நடப்பதற்குத் துணைக்கருவி வேண்டும் என்று கொழும்பில் ஒரு மருத்துவ உபகரணக் கடைக்குப் போனால், விற்பனையாளர் பொதுவாக முதலில் வயதைக் கேட்பார், அடுத்ததாகப் பாரிசவாதமா எலும்பு முறிவா என்று கேட்பார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய் இந்த நாட்டில் பரவலாக அறியப்படாததால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் அந்த இரண்டு கேள்விகளின் அடிப்படையில் அவர் எடுத்துத் தரும் கருவி எங்களுடைய தேவைக்குப் பல நேரங்களில் பொருந்துவதில்லை. நான் இப்போது பயன்படுத்தும், பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும், இருக்கையுடன் கூடிய நாற்சில்லு வண்டியான ரோலேட்டரைப் பற்றி விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம். ஒரே அமைப்பு பல பெயர்களில் இறக்குமதியாகி விற்பனையாவதால், பெயரை விட்டு அமைப்பையும் அளவுகளையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த நரம்பு செய்தியைக் கடத்தும், ஆனால் தாமதமாகவும் தடங்கலுடனும் கடத்தும். களைப்பும் வெப்பமும் அந்தத் தடங்கலைக் கூட்டுகின்றன. வீட்டிலிருந்து சந்தி வரை ஒழுங்காக நடந்த கால், திரும்பி வரும் வழியில் பாதம் தொங்கி, பெருவிரல் தரையை உரசத் தொடங்குவது இதனால்தான். உடலுழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மானியக் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தொஃப் 1890இல் விவரித்தார். உடல் வெப்பம் சிறிதளவு உயர்ந்தாலே அறிகுறிகள் மோசமடைவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. உடல் குளிர்ந்ததும் அது தணிந்துவிடும், நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. ஆண்டு முழுவதும் புழுக்கம் குறையாத கொழும்பில் அந்த விவரிப்பு எங்களுக்கு அன்றாட அனுபவம். ஆகவே எம்.எஸ். உள்ளவருக்கான கருவி, அவர் புறப்படும்போது இருக்கும் பலத்துக்கு ஏற்றதாக இருந்தால் போதாது. திரும்பி வரும்போது எஞ்சியிருக்கும் பலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே மதிப்பிட்டிருக்கிறேன்.

ரோலேட்டருக்கு முன்னர் நான் பயன்படுத்தியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலுமினியக் கைத்தடி இலேசானது, மலிவானது, சமநிலை சற்றுத் தடுமாறும் கட்டத்துக்குப் போதுமானது. நேராக நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குப் பிடி வர வேண்டும் என்பதையும், பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும் என்பதையும் எல்லாக் கடைகளும் சொல்லித் தருவதில்லை. நான்கு கால்கள் கொண்ட தடியை வீட்டுக்கு வெளியே நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் படிந்தால்தான் அது உறுதியாக நிற்கும். மேடுபள்ளமான நடைபாதையில் அது ஆடும். முன்கையைச் சுற்றி வளையமுள்ள முழங்கை ஊன்றுகோல் இவற்றைவிட மிக நல்லது, ஏனெனில் பணம் கொடுப்பதற்கோ கதவைத் திறப்பதற்கோ பிடியை விட்டாலும் அது கையோடு நிற்கும். அக்குளில் வைத்து ஊன்றும் கோலில் சாய்ந்து தொங்கினால் அங்குள்ள நரம்புகள் அழுந்திக் கை மரத்துப்போகும். ஏற்கெனவே நரம்பில் நோய் உள்ளவருக்கு அது தேவையற்ற தொல்லை. எந்தக் கோலானாலும் அடியிலுள்ள இறப்பர் முனை தேய்ந்ததும் மாற்றியே ஆக வேண்டும், மழை நாளில் கடை வாசல் மாபிளில் தேய்ந்த முனை அப்படியே வழுக்கும்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் எனக்கு இருந்த ஒரே பெரிய குறை, களைத்தபோது உட்கார இடம் தராததுதான். வெள்ளவத்தையில் காலி வீதி ஓரமாக நடப்பவர்களுக்குத் தெரியும், நிழலில் அமர்வதற்கு ஓர் ஆசனம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று. கடைக்காரர் ஒருவர் இரங்கிக் கதிரை தரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

ரோலேட்டரின் சிறப்பு அதன் இருக்கை. இதை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க் என்ற பெண்மணி. இளம் வயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட அவர் 1978இல் இதை வடிவமைத்தார். நடையின் சிரமத்தைத் தன் உடலில் அறிந்த ஒருவர் செய்த பொருள் என்பது இதைப் பயன்படுத்தும்போது நன்றாகவே தெரிகிறது. வைத்தியசாலைகளில் வழங்கும் சில்லில்லாத வாக்கரை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். அதனால் நடையின் சீர் குலைவதோடு கைகளும் சேர்ந்து களைக்கின்றன. ரோலேட்டரைத் தூக்க வேண்டியதில்லை, நடை தொடர்ந்து ஓடுகிறது. என்னுடையது அலுமினியச் சட்டம் கொண்டது, ஏறத்தாழ 7 கிலோகிராம் எடையுள்ளது. இரும்புச் சட்டம் கொண்டவை விலை குறைந்தவை, ஆனால் இதைவிடப் பாரமானவை. படியில் ஒருவரைக் கொண்டு தூக்கிக் கொடுக்கும்போது அந்த வித்தியாசம் புரியும்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சில்லின் அளவு. கடையில் வழுவழுப்பான தரையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே ஓடும். காலி வீதி நடைபாதையில் பதித்த கற்கள் சில இடங்களில் எழும்பியும் சில இடங்களில் தாழ்ந்தும் கிடக்கின்றன. இடையிடையே வடிகால் மூடிகள், கடை வாசல்களின் சரிவுகள், குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். 6 அங்குலச் சில்லு ஒரு சிறிய விளிம்பிலும் முட்டி நின்றுவிடும், நடப்பவரின் உடல் மட்டும் முன்னே போகும். 8 அங்குலச் சில்லு அதே விளிம்பைச் சாய்வாகச் சந்திப்பதால் மெதுவாக ஏறிக் கடந்துவிடும். 10 அங்குலம் இன்னும் நன்றாக ஏறும், ஆனால் மடித்தாலும் பெரிதாக இருக்கும். எட்டு அங்குலத்துக்குக் குறைந்ததை இந்த நகரின் வீதிக்கு வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். வடிகால் மூடியின் இடைவெளிகளுக்கு நேர்கோட்டில் சில்லை ஓட்டாமல் குறுக்காகக் கடக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். மரைன் டிரைவ் ஓரமும் காலிமுகத்திடலின் கடற்கரை நடைபாதையும் இதற்கு மிகவும் இணக்கமானவை. எந்தப் பயமும் இன்றி நான் தலைநிமிர்ந்து நடக்கும் இடங்கள் அவை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது தடுப்பு, அதாவது பிரேக். சைக்கிளில் இருப்பதுபோல இரு கைப்பிடியிலும் தடுப்புப் பிடி உண்டு. மேலே இழுத்தால் வேகம் குறையும், கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் சரிவு மெல்லியதுதான், ஆனாலும் சில்லுக்கு அந்தச் சரிவே போதும், வண்டி நம்மை இழுத்துக்கொண்டு போகும். எம்.எஸ். நோயால் விரல்களில் பலவீனமோ நடுக்கமோ உள்ளவர்கள் கடையிலேயே இரு தடுப்புகளையும் பலமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், அதையும் ஓய்வாக இருக்கும்போது பார்க்காமல் சிறிது நடந்து களைத்த பின்னர் பார்க்க வேண்டும். இருக்கையில் அமர்வதற்கு முன் இரண்டு தடுப்புகளையும் பூட்டுவது கட்டாயம். முடிந்தால் வண்டியின் முன்புறம் சுவரில் படியும்படி நிறுத்துவது நல்லது. உட்கார்ந்திருக்கும்போது அன்பு மிகுதியால் யாராவது பின்னாலிருந்து தள்ள வருவார்கள். இது சக்கர நாற்காலி இல்லை, அப்படித் தள்ளினால் கவிழும் என்று அவர்களைத் தடுத்துவிட வேண்டும்.

குடையைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்வதில்லை, ஆனால் எங்கள் ஊரில் அது பெரிய விடயம். ரோலேட்டர் இரு கைகளையும் எடுத்துக்கொள்கிறது. வெயிலில் உடல் சூடேறக் கூடாத நோயாளிக்குக் குடை மருந்துக்கு நிகரானது, அந்தக் குடையைப் பிடிக்கக் கை இல்லை. நான் அகன்ற விளிம்புத் தொப்பி அணிகிறேன், கழுத்தில் நனைத்த துணியைச் சுற்றிக்கொள்கிறேன், சந்தைக்குப் போவதை வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்கிறேன். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் மழைக்கு மழைக்கவசம்தான் வழி, அது உள்ளே வெப்பத்தைச் சேர்த்துவிடுவதால் அந்த மாதங்களில் பிற்பகலில் வெளியே போவதைத் தவிர்க்கிறேன். குடைதாங்கி பொருத்திய வண்டிகள் உண்டு என்றாலும், காற்று வீசும் கடற்கரைப் பக்கத்தில் குடை பாய்மரமாக மாறி வண்டியைத் திருப்பும் என்பதால் அதை நான் விரும்பவில்லை.

போக்குவரத்தில் இதன் மதிப்பு மடிக்கும் முறையைப் பொறுத்தது. முன்பின்னாக மடியும் வண்டி மடித்த பின்னரும் அகலம் குறையாது. பக்கவாட்டில் மடியும் வண்டி ஒடுங்கி, தானாக நிற்கும். ஓட்டோவில் முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போகலாம். "அக்கா, நீங்க ஏறுங்க, நான் வைக்கிறன்" என்று இறங்கி வந்து உதவும் ஓட்டுநர்கள் பலர். தனியார் பஸ்ஸில் இதைக் கொண்டு ஏறுவது நடக்காத காரியம், படியும் உயரம், பஸ் நிற்கும் நேரமும் குறைவு. பஸ்ஸில்தான் போக வேண்டிய நாளில் முழங்கை ஊன்றுகோலே துணை. கட்டடங்களைப் பொறுத்தவரை சட்டம் இல்லாமல் இல்லை: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006இல் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் உள்ளன, பொதுக் கட்டடங்களில் அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2009இல் உத்தரவிட்டது. இருந்தும் வாசலில் இரண்டு படியும் பக்கத்தில் சாய்தளம் இல்லாத நிலையும் இன்னமும் சாதாரணமாகவே இருப்பது வேதனை தருகிறது.

வீட்டுக்குள் இதன் பயன் குறைவு. 60 சென்ரிமீற்றரைத் தாண்டும் அகலம் பழைய தொடர்மாடிகளின் குளியலறைக் கதவுக்குள் நுழையாது. வாங்குமுன் வீட்டின் மிக ஒடுங்கிய கதவை அளந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் நான் சுவர்ப்பிடிகளையும் கைத்தடியையுமே நம்புகிறேன்.

தொங்கும் பாதத்தை ரோலேட்டர் தூக்கித் தராது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்ரிக் பாதத்தாங்கி இருக்கிறது. அது சப்பாத்துக்குள் அணிவதற்காகச் செய்யப்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புழங்கும் எங்கள் வீடுகளிலும் கோவில்களிலும் அது பெரும் இடைஞ்சல், ஏனெனில் சப்பாத்து இல்லாமல் அணிந்தால் வழுவழுப்பான தரையில் வழுக்கும். வீட்டுக்கென்று வெளியே போடாத தனிச் சப்பாத்து ஒன்றை வைத்திருப்பது நான் கண்ட தீர்வு. கோவிலில் பாதத்தாங்கியைக் கழற்றி, ரோலேட்டரை வெளியே விட்டு, உறவினரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். சில்லுகளைத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுவர அனுமதித்த கோவில்களும் உண்டு. அந்த அனுமதியை எல்லாக் கோவில்களும் தர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

"இந்த வயசில ஏன் பிள்ளை இது?" என்று தெருவில் கேட்கும் அம்மாக்களின் கவலை உண்மையானது. அந்தக் கேள்விக்குப் பயந்து கருவியைத் தள்ளிப்போடுபவர்களை நான் அறிவேன். அவர்களுடைய அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நரம்பியல் வைத்தியர்கள் பயன்படுத்தும், எம்.எஸ். நோயால் ஏற்படும் இயலாமையை அளக்க ஜோன் குர்ட்ஸ்கே 1983இல் வெளியிட்ட ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் ஒரு பக்க ஊன்றுகோலுடன் ஏறத்தாழ 100 மீற்றர் நடப்பவர் 6 என்ற படியிலும், இரு பக்கத் துணையுடன் 20 மீற்றர் நடப்பவர் 6.5 என்ற படியிலும் வைக்கப்படுகிறார். அதனால் கருவியைக் கையில் எடுத்தாலே நோய் ஒரு படி ஏறிவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. அளவுகோல் நடையின் நிலையைக் குறித்துக்கொள்கிறது, கருவி அந்த நிலையை உண்டாக்குவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இழக்கும் மாதங்களை எந்த அளவுகோலும் திருப்பித் தராது.

கைகளில் பலம் மிகக் குறைந்தவர்கள், திடீரென முழங்கால் மடிந்துவிடுபவர்கள், பார்வை மங்கலாகி விளிம்புகளைக் காண முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம். முன்னே ஓடும் இயல்புள்ள கருவி அவர்களுக்கு ஆபத்தானது. மற்றவர்களும் வாங்குமுன் இயன்மருத்துவர் ஒருவரிடம் நடந்து காட்டி, கைப்பிடி உயரத்தை அவரைக் கொண்டே சரிசெய்துகொள்ள வேண்டும். பிடி தாழ்ந்திருந்தால் கூனி நடக்கவேண்டி வரும், முதுகு வலி வேறு சேரும்.

பராமரிப்பு எளிது. சில்லின் அச்சில் சிக்கும் முடியையும் நூலையும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும், கடற்காற்றுப் படும் வீடுகளில் திருகாணிகளைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும். தடுப்புக் கம்பி காலப்போக்கில் தளரும்; விற்ற கடையில் உதிரிப்பாகம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம், அது சைக்கிள் தடுப்புக் கம்பியைப் போன்றதே என்பதால் சைக்கிள் திருத்தும் கடையில் இறுக்கியோ மாற்றியோ தருவார்கள்.