துணிக் கயாக்குக்கு எந்தப் பூச்சு? மூன்று படகில் மூன்று விதமாகப் பூசிப் பார்த்தேன்

மரச் சட்டகத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்துச் செய்யும் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு, இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். துணி வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, மூன்றுக்கும் மூன்று விதமான பூச்சு. மரவேலையில்கூட இவ்வளவு தடுமாறியதில்லை, கடையில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உண்மையிலேயே குழம்பிப் போனேன். இப்போது யாராவது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் அவர்களுக்காக இது.

முதலில் துணியைப் பாருங்கள், பூச்சு அதற்கு அப்புறம்தான். நைலான் முரட்டுத் துணி, பாறையில் உரசினாலும் லேசில் கிழியாது, ஆனால் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் தொய்ந்துவிடும். பாலியஸ்டர் அநேகமாக உறிஞ்சவே உறிஞ்சாது, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் சுருங்கிக் கச்சிதமாக இறுகும், அடி தாங்குவதில் மட்டும் நைலானுக்கு ஒரு படி கீழே. எந்தத் துணியானாலும் படகு அலையில் வளையும்போது அதுவும் கூடவே வளையும். அதனால் பூச்சு எவ்வளவு கெட்டி என்பதை விட எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் படகு நைலான். வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்டை அடித்தேன், நாற்றம் கிடையாது, பிரஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பிரஷ் பட்டதுமே பெயின்டில் இருந்த தண்ணீரைக் குடித்துத் துணி தொய்ந்தது. காய்ந்ததும் மறுபடி இறுகிவிட்டது, பார்க்கவும் நன்றாக இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து, மணலில் இழுத்து இழுத்து அடிப்பட்டை ஓரம் தேய்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தோலாக உரிந்து வந்தது, அடியில் இருந்த நைலான் இழைகள் பூசாத துணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன. பெயின்ட் துணிக்குள் இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இதே பெயின்ட் பருத்தித் துணியில் நன்றாக ஊறிப் பிடிக்கும், குழந்தைகளுக்கு ஒரு சின்னப் படகு என்றால் தாராளமாக அடிக்கலாம். நைலானுக்கு வேண்டாம்.

இரண்டாவது, பாலியஸ்டரில் எண்ணெய் அடிப்படை பாலியூரித்தேன் வார்னிஷ். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வெயிலில் தூக்கி வைத்தால் தேன் நிறத் துணி வழியாக விலாச் சட்டங்கள் ஒவ்வொன்றாக நிழலாடும், அந்த அழகுக்காகவே மறுபடியும் பூசுவேன். ஆனால் பொறுமை வேண்டும். நான் நான்கு கோட் கொடுத்தேன், முதல் கோட்டைத் துணிக்குள் நன்றாகத் தேய்த்து இறக்கவேண்டும், மேலோட்டமாகத் தடவினால் நெசவுக் கண்கள் அடைபடாது. இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் அங்கங்கே தெரிந்தன, அடுத்த கோட்டில் அந்த இடங்களைத்தான் முதலில் மூடினேன். ஒரு கோட் முழுக்க இறுகிப்போவதற்குள் அடுத்ததைப் பூசிவிடுங்கள், எத்தனை மணி நேரத்துக்குள் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். தவறவிட்டால் உப்புத்தாள் போடவேண்டி வரும், துணியின் மேல் உப்புத்தாள் போட்டால் இழை அறுந்து பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். தரைக்கு அடிக்கும் வார்னிஷை வாங்காதீர்கள், அது கண்ணாடி மாதிரி இறுகி, துணி மடங்கும் இடத்தில் விரிசல் விடும். வெளியில் வெயில் படும் மரத்துக்கென்று விற்பதுதான் வளையும். இன்னொன்று, எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்துப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மூன்றாவது, மறுபடியும் நைலான், இந்த முறை இரண்டு பாகமாக வந்து கலந்து பூசும் பாலியூரித்தேன். நைலானுக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை என்று சொல்வேன். காய்ந்தபின் ரப்பர் மாதிரி வளைகிறது, சரளைக் கல்லில் இழுத்ததில் கீறல் விழுந்ததே தவிர ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. முந்தின கோட் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைப் பூசிவிடலாம், ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் கலந்த நிமிடத்திலிருந்து கெட்டியாகத் தொடங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும். பூசிவிட்டு எழுந்து போய்விடவும் முடியாது, பக்கவாட்டில் மெதுவாக வழிந்து இறங்கும், பக்கத்திலேயே இருந்து பிரஷால் இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் தொடவே தொடாதீர்கள், ஈரத்தோடு வினைபுரிந்து குட்டிக் குட்டிக் குமிழாகப் பொங்கும். இதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி ஆவி பட்டாலும் மூச்சுத் திணறும். திறந்தவெளி, கையுறை, ஆவியை வடிகட்டும் முகமூடி மூன்றும் கட்டாயம், சாதாரணத் தூசி முகமூடி இதற்கு எந்த விதத்திலும் போதாது.

விமானத் துணிக்குப் பூசும் டோப் என்ற பூச்சை நான் தொடவில்லை. சட்டென்று தீப்பற்றும், துணியைச் சுருக்கி இழுப்பதால் மெல்லிய சட்டகத்தையே வளைத்துவிடலாம். சிலிகானும் வேண்டாம், அது ஒரு முறை பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பூச்சும் ஒட்டாது.

நிறத்தில் ஒரு விஷயம். வெயில் நைலானை அரிக்கும், நிறமி கலந்த பூச்சு அதை ஓரளவு தடுக்கும். தெளிவான பூச்சுதான் வேண்டும் என்றால் படகை நிழலில் வையுங்கள். மூன்றாவது படகில் நான் நிறமி கலந்துதான் பூசினேன், அடியில் மட்டும் ஒரு கோட் கூடுதலாக. அப்புறம் ஒரு நாள் முறிந்த கிளை குத்தி விரல் நீளத்துக்குக் கிழிந்தபோது, தைத்துவிட்டு, மேலே ஒரு துண்டு நைலானைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, அது காய்ந்ததும் அதே பூச்சைத் தடவினேன். அந்த ஒட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.