கருங்கல் பக்கம் சர்ச் காம்பவுண்டு தையல் யூனிட்: ஞானஸ்நான கவுன் ரிவ்யூ

தம்பி மகளுக்கு ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுனும் தொப்பியும் இங்கதான் தச்சு வாங்கினோம். வேலை நல்ல கொள்ளாம். விதவை அக்காமார் மட்டும் சேந்து நடத்துற யூனிட், கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர் பக்கத்துல சர்ச் காம்பவுண்டுக்குள்ள இருக்கு, வெளிய பெரிய போர்டு எதுவும் கிடையாது, கேட்டுக் கேட்டுத்தான் போணும்.

முதல்ல துணியைப் பத்தி. மேல வெள்ளை பாப்ளின், உள்ள மல் துணி லைனிங், அதனால பிள்ளைக்கு உடம்புல உறுத்தல, நம்ம ஊர் புழுக்கத்துல சர்ச்ல ஒரு மணிநேரத்துக்கு மேல போட்டிருந்தும் அழல. கழுத்துலயும் கைலயும் கையால பின்னின லேஸ். நான் கவுனை உள்பக்கம் திருப்பிப் பாத்தேன், தையல் ஓரம் எல்லாம் மடிச்சு அடிச்சிருக்காங்க, ஒரு நூல் தொங்கல. குடுக்கிறதுக்கு முன்ன அங்க இருந்த வயசான அம்மா ஒவ்வொரு தையலையும் நகத்தால வருடிப் பாத்தாங்க, ஒரு இடத்துல நகம் மாட்டிச்சு, உடனே பிரிச்சு மறுபடி தச்சாங்க, நாங்க வெயிட் பண்ணினோம். "மக்களே, லேஸை மடிச்சு வைக்காத, சுருட்டி வை, இல்லேன்னா மடிப்புல மஞ்சளாயிரும்"னு சொல்லித்தான் கையில தந்தாங்க.

லேஸ் நம்ம மாவட்டத்துக்கு புதுசு இல்ல. 1819ல நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் அம்மா, பெண் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் நடத்தி லேஸ் பின்னவும் சொல்லிக்குடுத்தாங்க, அதுலேருந்து இங்க பெண்கள் கையில ஓடிட்டு வர்ற தொழில் இது.

குறை ரெண்டு இருக்கு. முதுகுல பட்டன் சின்னதா இருக்கு, கை காலை உதறுற பிள்ளைக்கு போட்டு விட கஷ்டம், பிரஸ் பட்டன் கேட்டு வாங்குங்க. தொப்பி எலாஸ்டிக்கும் கொஞ்சம் இறுக்கம்.

விலை கவுன், தொப்பி ரெண்டும் சேத்து 1,450 ரூபாய். இதுதான் நான் முக்கியமா எழுத வந்த விஷயம், ஏன்னா நாங்க இருக்கும்போதே ஒருத்தர் வந்து "விதவைங்க செய்றதுதானே, ஒரு உதவி மாதிரி வாங்குறோம், குறைச்சுத் தாங்க"ன்னு பேரம் பேசிட்டு நின்னாரு. எனக்கு மனசு ரொம்ப நொந்துபோச்சு. வாரா வாரம் சர்ச்சுக்குப் போற ஆளுதான் அவரு. பைபிள்ல உபாகமம் 24ம் அதிகாரத்துல என்ன இருக்கு? கூலிக்காரன் ஏழை, பொழுது போறதுக்கு முன்ன அவன் கூலியை குடுத்திரு. விதவையோட உடுப்பை அடகா வாங்காத. வயல்ல மறந்து விட்ட கதிர்க்கட்டை எடுக்க திரும்பிப் போகாத, ஒலிவ மரத்தை ஒருக்கா உதிர்த்த பிறகு கிளை கிளையா தடவாத, மிச்சம் உள்ளது வேற தேசத்துலேருந்து வந்தவனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். அவங்களுக்கு உள்ள பங்கு அது, நீ இரக்கப்பட்டு குடுக்கிற பிச்சை இல்லன்னுதான் நான் அதை வாசிக்கிறேன். பைபிள்ல ரூத்துங்கிற விதவையும் போவாஸ்ங்கிறவர் வயல்ல மிச்சக் கதிரை சாயங்காலம் வரை பொறுக்கித்தான் வாற்கோதுமை கொண்டு போனா, போவாஸ் வேலைக்காரங்ககிட்ட அவளை ஈனப்படுத்தக் கூடாது, அதட்டக் கூடாதுன்னு சொன்னதையும் சேத்து வாசிக்கணும்.

யூனிட்ல அதை அப்படியே செய்றாங்க. சாயங்காலம் ஒரு நீள நோட்டு வருது, ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா அன்னைக்கு தச்ச உருப்படி, கூலி, கையெழுத்து. அன்னைக்கு கூலி அன்னைக்கே. நோட்டை யார் வேணும்னாலும் பாக்கலாமாம். அப்போஸ்தலர் 6ல முதல் சபையில வந்த பிரச்சனையே இதுதானே, கிரேக்கு மொழி பேசுற விதவைங்களை தினசரி பந்தியில விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு வந்து, அதைக் கவனிக்கவே நல்ல பேர் எடுத்த ஏழு பேரை தெரிஞ்செடுத்தாங்க. நம்ம சபைங்கள்ல எத்தனை கமிட்டி இருக்கு, விதவை யாருக்கு விட்டுப்போச்சுன்னு பாக்க ஒரு கமிட்டி உண்டா?

அங்க ஒரு அக்கா 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல புருஷனை இழந்தவங்க, உடல் கூட கிடைக்கல. அதுக்குப் பிறகு கடன்காரங்க வாசல்ல வந்து உக்காந்ததை அவங்க சொல்லும்போது எனக்கு 2 இராஜாக்கள் 4 ஞாபகம் வந்துச்சு, கடனுக்காக ரெண்டு பிள்ளைகளையும் அடிமையா கொண்டுபோக கடன் குடுத்தவன் வந்து நின்னானே, அந்த விதவை. எலிசா தீர்க்கதரிசி அவகிட்ட கேட்டது உன் வீட்டில என்ன இருக்குன்னு. ஒரு குடம் எண்ணெய் இருந்துச்சு, அது பெருகிச்சு, வித்து கடனை அடைச்சு மிச்சத்துல பிழைச்சா. இந்த அக்கா வீட்டில இருந்தது ஒரு பழைய தையல் மெஷின், அதைத்தான் ஆட்டோவுல ஏத்தி இங்க கொண்டுவந்து போட்டாங்களாம்.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில போட்ட ரெண்டு காசைப் பத்தி காணிக்கை பிரசங்கத்துல அடிக்கடி கேக்குறோம். மாற்கு 12ல அதுக்கு சரியா முன்ன, விதவைகளோட வீட்டை பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தை போதிக்கிறவங்களைப் பத்தி இயேசு கடுமையா பேசுற 40ம் வசனத்தை யாரும் பேசுறது குறைவு.

டிசம்பர்ல கிறிஸ்துமஸ் ஆர்டர் ஒருபாடு இருக்கும், அக்டோபர்லயே துணி அளவு குடுத்திருங்க. ஞாயிறு லீவு, போன் எடுக்க மாட்டாங்க. ஜிபே உண்டு. சர்ச் மேசை விரிப்பும் தச்சுத் தருவாங்க, சொன்ன விலையை குடுத்து வாங்குங்க, நான் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கிறேன்.