நான்கு வருடக் கிரிப்டோ அனுபவம்: லண்டனிலும் கல்லடியிலும்

இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில் எனக்கு ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் வேலை. கிழமைக்கு இரண்டு பேராவது வந்து, "அண்ணா, பிட்கொய்ன் வாங்குறது எப்படி?" என்று கேட்கிறார்கள். லண்டனில் இருந்த காலத்தில் நான் வாங்கி விற்றவன் என்பது அவர்களுக்குத் தெரியும். கடையில் ஆள் நிற்கும்போது பாதிதான் சொல்ல முடிகிறது. இந்த விஷயத்தில் பாதி சொல்வது ஆபத்து. அதனால் இருந்து முழுதாக எழுதுகிறேன்.

2021 மார்ச்சில் தொடங்கினேன். ஈஸ்ட் ஹாமில் அறை, பக்கத்தில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. சம்பளம் வந்ததும் 200 பவுணை ஒதுக்கி பிட்கொய்ன் வாங்குவேன். (எங்கள் ஊரில் பவுண் என்றால் தங்கம். இங்கே நான் சொல்வது இங்கிலாந்துக் காசு.) வாங்குவதற்கு முன் நான் செய்த ஒரு நல்ல காரியம், அந்த நாட்டின் நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்தது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே பிட்கொய்ன் போன்ற கிரிப்டோ நாணயங்களை விற்கும் நிறுவனங்கள் பணச்சலவைத் தடுப்பு விதிகளின் கீழ் அந்த ஆணையத்திடம் பதிய வேண்டும். பதிந்த நிறுவனம் என்றால் காசுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது வங்கி விழுந்தால் 85,000 பவுண் வரை இழப்பீட்டுத் திட்டம் கொடுக்கும். கிரிப்டோவுக்கு அது இல்லை.

கடவுச்சீட்டுப் படம், முகப் படம், வங்கியிலிருந்து பணம் அனுப்புதல். வாங்குவது அவ்வளவுதான், அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டரை வருடம் கழித்து, 2023 அக்டோபர் 8 அன்று விதிகள் இறுகின. முதன்முதலாக வாங்க வருபவர் 24 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். நண்பரைச் சேர்த்தால் போனஸ் என்று ஆசை காட்டக்கூடாது. பழைய ஆட்களுக்கும் கேள்வித்தாள் வந்தது. போட்ட காசு முழுவதும் போகலாம் என்பது உனக்கு விளங்குமா என்பதுதான் அதன் சாரம். பலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே இலங்கையில் ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று சொல்லி கிரிப்டோ பெயரில் வந்த திட்டங்களில் நகையை அடகுவைத்துப் போட்டவர்களை நான் அறிவேன். இலங்கை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இப்படி ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது, மத்திய வங்கி அவற்றின் பெயர்களையும் வெளியிடுகிறது. அதை முன்கூட்டியே பார்த்தவர்கள்தான் குறைவு.

அந்தப் புதிய விதி வந்த கையோடு நான் வாங்கி விற்கப் பாவித்த சின்னப் பரிமாற்றத் தளம் ஒன்று இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. காசை எடுத்துவிட்டேன். கொடுக்கல் வாங்கல் விபரத்தை இறக்கி வைக்க மறந்துவிட்டேன். கணக்கு மூடியபின் உள்ளே போக முடியவில்லை. வரிக்குக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் எதை இழந்தேன் என்று தெரிந்தது.

அங்கே வரி எப்படி என்றால், கொய்னை விற்றுப் பவுணாக்கினால்தான் வரி என்று நான் நம்பியிருந்தேன். அது தவறு. ஒரு கொய்னைக் கொடுத்து இன்னொரு கொய்ன் வாங்கினாலும் முதலாவதை விற்றதாகவே கணக்கு. பொருள் வாங்கக் கொடுத்தாலும் விற்பனை. கணவன் மனைவி தவிர வேறு யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் விற்பனைதான். 2021 செப்டெம்பரில் கொஞ்சப் பிட்கொய்னை ஈதர் என்ற இன்னொரு கொய்னாக மாற்றியிருந்தேன். கையில் ஒரு சதமும் வரவில்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில் அதன் பெறுமதி எத்தனை பவுண் என்று தேடி எழுத வேண்டியிருந்தது. ஈதரைப் பூட்டிவைத்ததற்கு வட்டிபோல வந்த சில்லறை வெகுமதிகள் வேறு. அவை வந்த நாளின் விலையில் வருமானம். நாளொன்றுக்குச் சில பென்ஸ், அதற்குக் கணக்குத் தாளில் நூற்றுக்கணக்கான வரிசைகள். மூடிய தளத்தின் பகுதியைப் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டித்தான் நிரப்பினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

இலாபம் பார்க்கும் முறையை உதாரணத்தோடு சொல்கிறேன். ஒருவர் முதலில் 0.01 பிட்கொய்னை 350 பவுணுக்கு வாங்குகிறார். விலை விழுந்தபின் 0.02ஐ 340 பவுணுக்கு வாங்குகிறார். மொத்தம் 0.03, செலவு 690. பிறகு 0.01ஐ 520க்கு விற்கிறார். இலாபம் எவ்வளவு? முதலில் வாங்கியதைக் கழித்து 170 என்பார் ஒருவர், பின்னால் வாங்கியதைக் கழித்து 350 என்பார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை. 690இல் மூன்றிலொரு பங்கு 230, ஆகவே இலாபம் 290. இதைப் பெரியம்மாவுக்கு விளக்கியபோது, "வேற வேற விலைக்கு எடுத்த நெல் மூடையெல்லாம் ஒண்டாக் கொட்டினாப்போலதானே மனே?" என்றார். அதேதான். ஒரே நாளில் வாங்கி விற்றால் மட்டும் முதலில் அவை இரண்டையும் பொருத்த வேண்டும். விற்று 30 நாளுக்குள் திரும்ப வாங்கினாலும் அந்த வாங்கிய விலையோடுதான் பொருத்த வேண்டும். நட்டத்துக்கு விற்று அடுத்த நாளே திரும்ப வாங்கி வரியைக் குறைக்கலாம் என்ற யோசனை இந்த விதியில் அடிபட்டுப் போகும்.

2022 மே மாதம் லூனா என்ற கொய்ன் சரிந்தபோது அதில் எனக்கு 950 பவுண் இருந்தது. விற்றுக் கையில் வந்தது 50. அந்த மாதம் வீட்டுக்குக் குறைவாகத்தான் அனுப்பினேன், காரணத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த 900 நட்டத்தையும் இங்கிலாந்து இறைவரித் திணைக்களத்திடம் அறிவிக்கலாம், அந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் அறிவித்தால் பின்னால் வரும் இலாபத்தில் கழிக்கலாம் என்று கூட வேலை செய்த ஒரு அக்கா சொன்னார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்புவதென்று முடிவெடுத்து 2024 மார்ச்சில் பெரும்பகுதியை விற்றேன். 14,650 பவுண் வந்தது. செலவு 6,250 போக இலாபம் 8,400. அதில் 900 நட்டத்தைக் கழித்தால் 7,500. அந்த வரி ஆண்டில் மூலதன இலாபத்துக்கு வரியில்லாத எல்லை 6,000. மீதி 1,500க்கு, என் சம்பள மட்டத்தில் 10 சதவீதம், 150 பவுண் வரி. அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. ஏப்ரல் 6க்குப் பிறகு விற்றிருந்தால் வரியில்லாத எல்லை 3,000 ஆகக் குறைந்திருக்கும், வரி 450 ஆகியிருக்கும். அந்த எல்லை 2022-23இல் 12,300 ஆக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வீடியோ பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் இதில்தான் ஏமாந்தார்கள்.

அந்த வரிக் கணக்கை அனுப்பக் கடைசி நாள் 2025 ஜனவரி 31. அப்போது நான் கல்லடியில். வரி இலக்கம் வந்த கடிதம் பழைய லண்டன் முகவரிக்குப் போய், அறை நண்பன் அதை வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினான். வெளியே மாரி மழை, கரண்ட் இரண்டு தரம் போனது. எக்செல் தாளைப் பார்த்துப் பார்த்து நிரப்பி அனுப்பி, 150ஐக் கட்டி, ரசீதை அச்செடுத்துக் கோப்பில் போட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சரி, இங்கே நிலைமை என்ன? விற்ற காசை வங்கி வழியாகப் பவுணாகத்தான் கொண்டுவந்தேன். எஞ்சியிருக்கும் சிறு பங்கைத் தொடவில்லை, புதிதாக வாங்கவும் இல்லை. காரணம் நேரடியானது. கிரிப்டோ இலங்கையில் சட்டபூர்வ நாணயம் அல்ல, இந்தப் பரிமாற்றத் தளங்கள் எதற்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2022 ஜூலையிலும் பொதுமக்களுக்கு அறிவித்தது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, கிரெடிட் கார்ட்டோ டெபிட் கார்ட்டோ பாவித்து இதற்குக் காசு கட்ட முடியாது. "கார்ட் வேலை செய்யுது அண்ணா" என்று சிலர் சொல்கிறார்கள். வேலை செய்வது வேறு, அனுமதி இருப்பது வேறு.

வரிப் பக்கம் குழப்பம் இன்னும் கூட. எங்கள் பெடியள் பார்ப்பதெல்லாம் சென்னையிலிருந்து வரும் யூடியூப் வீடியோ. அதில் 30 சதவீத வரி, ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதப் பிடித்தம், நட்டத்தைக் கழிக்க முடியாது என்பார்கள். அது 2022இல் இந்தியாவில் வந்த சட்டம், எங்களுக்கானது அல்ல. எங்களுக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். இங்கு வதிபவருக்கு உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமும் கணக்கில் சேரும். வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு இலாபம் தொழில் வருமானம். ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும், வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் ரூபாய், அதற்கு மேல் 6 சதவீதத்தில் தொடங்கி 36 வரை ஏறும்.

இதையெல்லாம் நான் வற்புறுத்திச் சொல்வதற்குப் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் காரணம். கெட்டிக்காரப் பிள்ளை, வெளிநாட்டவருக்கு லோகோ வரைந்து கொடுக்கிறார். அவர்கள் கூலியை யுஎஸ்டிடி என்ற, டொலர் விலையோடு ஒட்டிப் போகும் கொய்னில் கொடுத்தார்கள். அதைத் தளத்தில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு விற்று, அவர்கள் போடும் ரூபாயை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டார். வாங்கியவர்களில் ஒருவர் போட்டது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த காசு. பறிகொடுத்தவர் முறையிட, தம்பியின் கணக்கு நிறுத்தப்பட்டது. உள்ளே அவருடைய சொந்த உழைப்பின் காசும் சேர்ந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து உச்சமாக 15 சதவீதம் என்ற வரி வீதம் இருக்கிறதே, அது வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்த பணத்துக்குத்தான். அறியாத ஒருவர் ரூபாயில் போட்டதை அப்படிக் காட்ட முடியாது. நேரே வங்கிக்கு டொலரில் அனுப்பச் சொல்லியிருந்தால் இரண்டு தொல்லையும் வந்திருக்காது.

இப்போது பின்னேரங்களில் கடையை மூடியபின் அவரும் நானும் இருந்து, ஒவ்வொரு விற்பனைக்கும் தளத்தின் ஓடர் இலக்கம், அரட்டைப் பதிவு, வங்கியில் காசு விழுந்த நேரம் மூன்றையும் ஒரே தாளில் ஒட்டி அச்செடுக்கிறோம். முப்பத்தெட்டு விற்பனைகளில் முப்பத்தொன்று முடிந்தது. மிச்சம் ஏழின் ஸ்க்ரீன்ஷொட் அவருடைய பழைய போனில் இருக்கிறது. அதன் திரை உடைந்து கிடக்கிறது. நாளைக்குக் காலையில் திருத்தக் கொடுக்கப் போகிறோம்.